நஞ்சிட்ட உணவும் நாய்களின் நலனும்
(இல்லறத்தார்க்கான பாடம்)

சீவக சிந்தாமணியைப் பயின்றோர் குணமாலையார் இலம்பகத்தில் வரும் நாயின் வரலாற்றை மறந்திருக்க மாட்டார்கள். அந்தணர் சமைத்து வைத்திருந்த உணவைத் தீண்டிய ஒரே குற்றத்திற்காக அந்நாய் அடிபட்டு உயிர் ஊசலாடக் கிடந்தது. அவ்வழியே வந்த சீவகன் அதன் துயர் கண்டு இரங்கி, அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அதன் பயனாக அந்த உயிர் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னாளில் சீவகனுக்குப் பல வகையிலும் துணை நின்றது எனத் திருத்தக்கதேவர் கூறுகிறார்.

இவ்வரலாற்றை நாம் பெரும்பாலும் மந்திரத்தின் மாண்பை உணர்த்தவே எடுத்துச் சொல்கிறோம். அதில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. நாய்க்குத் தன் உணவு எது, பிறர் உணவு எது என்று பகுத்தறியத் தெரியாது. மணம் வந்த திசையை நோக்கிச் செல்வது அதன் இயல்பு. அந்த இயல்பே அதற்கு மரணமாக முடிந்தது. சீவகன் வந்தபோது அடி விழுந்து முடிந்திருந்தது. நற்கதிக்கு வழிகாட்டுவதன்றி வேறு உதவி அவனால் இயலவில்லை. நம்முடன் வாழும் நாய்க்கு அந்நிலை நேராமல் முன்னரே காக்கும் வாய்ப்பு நமக்கு உண்டு. அதற்குரிய அறிவைப் பெறுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நஞ்சு எவ்வாறு நாயின் வாயை அடைகிறது?

தெருவிலும் வயல்வெளியிலும் நஞ்சு கலந்த உணவு கிடப்பதற்கு மூன்று காரணங்கள் உள.

முதலாவது, நாய்களைக் கொல்வதற்கென்றே வைக்கப்படுவது. நாய்க்கடிக்கு அஞ்சியோ, இரவில் குரைப்பதைப் பொறாமலோ, ஆட்டையும் கோழியையும் நாய் கடித்துவிட்ட சினத்தாலோ சிலர் உணவில் நஞ்சு கலந்து இரவில் வைத்து விடுகின்றனர். தெரு நாய்களைக் குறி வைத்து வைக்கப்பட்ட உணவை, காலையில் உலாவச் செல்லும் வளர்ப்பு நாயும் உண்கிறது. சில வேளைகளில் காகமும் பூனையும் கீரியும் உண்கின்றன. தெருவில் விளையாடும் குழந்தையின் கைக்கும் அது எட்டக்கூடும்.

இரண்டாவது, வேறு உயிர்களுக்கென வைக்கப்படுவது. எலிக்கென வைக்கும் மருந்து, காட்டுப்பன்றிக்கென வைக்கும் நஞ்சு ஆகியவை இவ்வகையின. மலையடிவார ஊர்களில் பன்றியைக் கொல்ல உணவுப் பொருளுக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் கொடுமையும் உண்டு. இதனை 'அவுட்டுக்காய்' என்பர். கடித்த நொடியில் வெடித்து வாயையும் தாடையையும் சிதைத்து விடும். இதற்கு இரையான நாய்களும் மாடுகளும் பல.

மூன்றாவது, எவரையும் கொல்லும் எண்ணமின்றிக் கவனக் குறைவால் நேர்வது. பூச்சிமருந்துப் பையை வரப்பில் எறிந்து விடுதல், மருந்து கலந்த விதையைச் சிந்திவிட்டுச் செல்லுதல், நஞ்சுண்டு இறந்த எலியைக் குப்பையில் வீசுதல் போன்றவை இதில் அடங்கும். நம் ஆன்றோர் இதனைப் 'பிரமாதம்' என்பர். கொல்லும் எண்ணம் இல்லாவிடினும் விழிப்பின்மையும் ஹிம்சைக்கு வாயிலாகும் என்பது அறநூல் துணிபு.

அச்சத்திற்கு விடை

நாய்க்கு நஞ்சிடுவோர் எல்லாரையும் கொடியோர் என்று ஒதுக்கிவிடுவதால் பயனில்லை. வெறிநாய்க்கடி பற்றிய அச்சம் பொய்யான அச்சமன்று. அந்நோயின் அறிகுறிகள் மனிதரிடம் தோன்றிவிட்டால் பிழைத்தல் அரிதினும் அரிது. கடிபட்டவுடன் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி போட்டுக்கொள்வதே உயிர் காக்கும் வழி. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய் தெருமுனையில் நிற்கும் நாய்க்கூட்டத்தைக் கண்டு அஞ்சுவது இயல்பே.

ஆயினும் அந்த அச்சத்திற்கு நஞ்சு மருந்தாகாது. ஒரு தெருவின் நாய்களைக் கொன்றுவிட்டால், அங்கே கிடைக்கும் உணவை நாடி அடுத்த தெருக்களின் நாய்கள் வந்து சேரும். தடுப்பூசி போடப்பட்டிருந்த நாய்கள் மடிந்து, போடப்படாத நாய்கள் அவ்விடத்தை நிரப்பும். நோய் குறைவதற்கு மாறாகக் கூடும். ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டிற்குக் குறையாமல் தடுப்பூசி போட்டால் வெறிநோய்ப் பரவல் தடைப்படும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. 2001ஆம் ஆண்டிலும், அதற்கு மாற்றாக 2023ஆம் ஆண்டிலும் மைய அரசு வெளியிட்ட விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும், நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போடுவதையே வழியாகக் காட்டுகின்றன. அஹிம்சையைப் போற்றுவோர் இதை அண்டை வீட்டாருக்கு எடுத்துரைக்க வேண்டும். சினந்து பேசினால் நஞ்சு வைப்போர் மறைவாக வைப்பர். உள்ளாட்சி அலுவலகத்திற்கு அவர்களையும் உடன் அழைத்துச் சென்று, தடுப்பூசி முகாம் கேட்டு மனு அளித்தால் அச்சமும் தீரும், உயிரும் காக்கப்படும்.

நஞ்சின் வகைகள்

எல்லா நஞ்சும் ஒரே வகையில் தாக்குவதில்லை. அறிகுறி வேறு, தோன்றும் காலம் வேறு, மருத்துவமும் வேறு. எனவே முதன்மையானவற்றை அறிந்திருத்தல் நலம்.

1. எட்டிநஞ்சு: நம் காடுகளில் வளரும் எட்டி மரத்தின் விதையில் உள்ளது ஸ்டிரிக்னைன் என்னும் நஞ்சு. 1818ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்கள் பெல்தியே, காவந்து இருவரும் இதனைப் பிரித்தெடுத்தனர். முற்காலத்தில் நகராட்சிகளே தெரு நாய்களைக் கொல்ல இதனைப் பயன்படுத்தின. உண்ட சில நிமிடங்கள் முதல் 2 மணி நேரத்திற்குள் உடல் விறைத்து வலிப்பு உண்டாகும். சிறு ஒலியும் ஒளியும் தொடுதலும் கூட வலிப்பைத் தூண்டும். நினைவு தவறாமலே அவ்வுயிர் துன்புறுவது இதன் கொடுமை.

2. பயிர் மருந்துகள்: வயலுக்கு இடும் குருணை மருந்துகளும் தெளிக்கும் பூச்சிமருந்துகள் பலவும் நரம்பைத் தாக்குவன. இவற்றுள் போரேட் என்பது 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆயினும் பழைய இருப்பு வீட்டின் பரணிலோ பம்புசெட் அறையிலோ கிடக்கக்கூடும். இவ்வகை நஞ்சுண்ட நாய்க்கு வாயில் எச்சில் ஒழுகும்; கண்ணில் நீர் வடியும்; கருவிழியின் பாவை ஊசிமுனைபோல் சுருங்கும்; வாந்தி, கழிச்சல், தசை நடுக்கம், மூச்சுத்திணறல் தொடரும். அட்ரோப்பின் என்னும் ஊசிமருந்து இதற்குரிய மாற்று மருந்தாகும். காலத்தே கொண்டு சென்றால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

3. துத்தநாகப் பாஸ்பைடு: கருஞ்சாம்பல் நிறத் தூள், பூண்டு போன்ற நெடி வீசும். எலிக்கு மாவில் கலந்து வைப்பர். இரைப்பையின் அமிலத்துடன் சேர்ந்தவுடன் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவாக மாறுகிறது. பெரும்பாலும் சில மணி நேரத்திற்குள் வாந்தி, வயிற்று வலி, மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியவை தோன்றும். இதற்கு மாற்று மருந்து இல்லை; துணை மருத்துவமே செய்ய இயலும். நாய் எடுத்த வாந்தியிலிருந்து வெளிப்படும் வாயு அருகில் இருப்போரையும் தாக்கும் என்பதை மறத்தலாகாது.

4. மஞ்சள் பாஸ்பரஸ் பசை: எலிக்கொல்லிப் பசையாக வழங்கியது. முதலில் வாந்தி கண்டு பின் தேறியதுபோல் தோன்றும். ஓரிரு நாள் சென்று கல்லீரல் கெடும். தேறிவிட்டது என்று எண்ணி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் இருப்பதே இதில் நேரும் பெரும் பிழை.

5. இரத்தம் உறையாமல் செய்யும் எலிக்கொல்லிகள்: புரோமடியலோன் முதலியவை கட்டிகளாகவும் தூளாகவும் கடைகளில் கிடைக்கின்றன. 1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலை உண்ட மாடுகள் இரத்தம் உறையாமல் இறந்தன. அதன் காரணத்தை ஆராய்ந்ததன் வழியாகவே வார்பரின் என்னும் மருந்து பிறந்தது. 1948இல் எலிக்கொல்லியாக வந்தது. இவ்வினத்தைச் சேர்ந்த இன்றைய மருந்துகள் அதனினும் வலியன. உண்ட அன்று நாய் வழக்கம்போல் ஓடியாடும். 3 முதல் 5 நாள் கழித்தே சோர்வு, ஈறு வெளுத்தல், மூக்கிலும் சிறுநீரிலும் இரத்தம், இருமல் ஆகியவை தோன்றும். வைட்டமின் கே1 இதற்கு மாற்று மருந்து. சில வாரங்கள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். நாய் நலமாகத் தோன்றுகிறதே என்று இடையில் நிறுத்துதல் கூடாது. இந்நஞ்சுண்ட எலியைத் தின்ற நாய்க்கும் இது நேரலாம்.

நடைக்குப் புறப்படுமுன்

நாயை வெளியே அழைத்துச் செல்வது அதன் உடலுக்கும் மனத்திற்கும் இன்றியமையாதது. நஞ்சுக்கு அஞ்சி வீட்டிலேயே கட்டிப் போடுவது தீர்வாகாது. பின்வரும் பழக்கங்களைக் கைக்கொண்டால் இடர் பெரிதும் குறையும்.

வெறும் வயிற்றுடன் அழைத்துச் செல்லாமல் சிறிதளவேனும் உணவளித்துச் செல்லுதல் நன்று. பசித்த நாய் நிலத்தை முகர்ந்துகொண்டே செல்லும்.

கயிற்றின் நீளம் ஐந்து அடிக்கு மிகாமல் இருக்கட்டும். நாயின் வாய் எதை நோக்கிச் செல்கிறது என்பதைக் காணும் தொலைவிலேயே நாம் இருக்க வேண்டும். இருளில் செல்ல நேர்ந்தால் கைவிளக்கு இன்றியமையாதது. நடக்கும்போது கைப்பேசியில் ஆழ்ந்திருப்போர் நாயை அழைத்துச் செல்லவில்லை. கயிற்றை மட்டுமே பிடித்துச் செல்கின்றனர்.

மரத்தடி, மதிற்சுவர் ஓரம், குப்பைத் தொட்டி, இறைச்சிக் கடையின் பின்புறம், அறுவடையான வயலின் வரப்பு ஆகிய இடங்களில் விழிப்பு மிகுதியாக வேண்டும். தெருவில் தனித்துக் கிடக்கும் இறைச்சித் துண்டு, வடை, பிஸ்கட், மாவுருண்டை ஆகியவற்றை ஐயத்துடனேயே நோக்க வேண்டும். நீலம், இளஞ்சிவப்பு, கருஞ்சாம்பல் நிறத் தூளோ குருணையோ ஒட்டியிருந்தால் ஐயத்திற்கே இடமில்லை.

'விடு' என்னும் சொல்லைக் கேட்டவுடன் வாயிலுள்ளதை விடுவதற்கு நாயைப் பழக்குதல் மிகச் சிறந்த காப்பு. இதனை வீட்டிலேயே தொடங்கலாம். மூடிய கையில் ஒரு ரொட்டித் துண்டை வைத்துக்கொண்டு 'விடு' என்று சொல்க. நாய் முகர்வதை நிறுத்திப் பின்வாங்கியவுடன், மறுகையிலிருந்து அதனினும் சுவையான பனீர்த் துண்டையோ வேகவைத்த பூசணித் துண்டையோ கொடுத்துப் பாராட்டுக. சில நாள் சென்றபின் உணவைத் தரையில் வைத்தும், பிறகு முற்றத்திலும், இறுதியில் தெருவிலும் பழக்குக. விட்டுவிட்டால் மேலானது கிடைக்கும் என்று நாய் நம்பத் தொடங்கும். இதற்கு மாறாக, நாம் கத்திக்கொண்டு பாய்ந்து வாயைப் பிடித்தால், பறிபோகுமோ என்று அஞ்சி அது விரைந்து விழுங்கிவிடும். அடித்துப் பழக்குவது அறமும் அன்று, பயனும் அன்று.

அயலார் கையால் எதையும் உண்ணாதிருக்கவும் பழக்குதல் நன்று. வீட்டிலுள்ள அனைவரும், சிறுவர் உட்பட, ஒரே சொல்லையும் ஒரே முறையையும் கையாள வேண்டும்.

எதையும் விழுங்கும் பழக்கம் மாறாத நாய்க்கு வாய்க்கூடு அணிவிக்கலாம். போரடிக்கும் மாட்டுக்கு வாய்க்கூடு கட்டுவதை நம் ஊர்களில் அறிவோம். நாய்க்குரியது கூடை போன்று இடைவெளியுடன் அமைந்திருக்க வேண்டும். அதனுள் நாய் வாய் திறந்து மூச்சு வாங்கவும் நீர் அருந்தவும் இயல வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டைகள் வெயிலில் உயிருக்கே கேடு. நாய் தன் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் வாய் வழியே மூச்சிரைத்தே தணித்துக்கொள்கிறது.

வழியில் உள்ள வேறு இடர்கள்

கோடையில் தார்ச்சாலையின் வெப்பம் நாயின் உள்ளங்காலைச் சுட்டுவிடும். நம் புறங்கையைச் சாலையில் 7 நொடி வைத்துப் பார்த்து, பொறுக்க முடியாவிட்டால் நாயையும் அழைத்துச் செல்லலாகாது. சித்திரை, வைகாசியில் கதிரவன் எழுமுன் செல்வதே தக்கது.

நெருஞ்சி முள்ளும் ஒட்டும் புல்விதைகளும் விரலிடையிலும் காதினுள்ளும் புகுந்து புண்ணாக்கும். வீடு திரும்பியதும் பாதம், காது, கழுத்து, அக்குள் ஆகியவற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணிகள் காய்ச்சலையும் இரத்தக் குறைவையும் விளைக்கும் நோய்களைப் பரப்பும் ஆதலின் இப்பழக்கம் இரு வகையிலும் பயன் தரும்.

அரளியின் எல்லாப் பகுதிகளும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையன. ஊமத்தையும் நஞ்சே. தோட்டத்திற்கு எருவாக இடும் ஆமணக்குப் புண்ணாக்கை நாய்கள் விரும்பித் தின்பதுண்டு; அதில் எஞ்சியுள்ள ரைசின் கொடிய நஞ்சாகும். வேப்பம் புண்ணாக்கைத் தனியே இடுவது அதனினும் தக்கது.

குப்பையில் வீசிய விருந்துணவில் வெங்காயம் மிகுந்திருக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பன. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவையும் நாய்க்கு ஆகா. நாம் உண்பதை அதற்கும் கொடுத்தல் அன்பின் அடையாளம் என்று எண்ணுவோர் இவற்றை நினைவில் வைக்க வேண்டும்.

பாம்புக் கடிக்கு நாயும் ஆளாகும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் ஊசிமருந்து நாய்க்கும் பயன்படுகிறது. கடிவாயைக் கீறுதலும், இறுகக் கட்டுதலும், உறிஞ்சுதலும் செய்யாமல், நாயை நடக்க விடாது தூக்கிச் செல்ல வேண்டும். பாம்பை அடிக்கத் தேடிக் காலத்தை வீணாக்குதல் இரு உயிர்களுக்கும் கேடு.

தேங்கிய சாக்கடை நீரில் எலியின் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் உண்டு. ஆகவே வீட்டிலிருந்தே குடிநீர் எடுத்துச் செல்லுதல் நன்று. ஆண்டுதோறும் போட வேண்டிய தடுப்பூசிகளையும் தவற விடலாகாது.

நஞ்சுண்டுவிட்டால்

நாய் எதையோ விழுங்கியதைக் கண்டாலோ, மேற்கூறிய அறிகுறிகள் தோன்றினாலோ அறிகுறி முற்றும்வரை காத்திருத்தல் கூடாது. முதல் ஒரு மணி நேரமே பொன்னான காலம்.

செய்யத்தக்கன:

நாயை அவ்விடத்திலிருந்து அகற்றி, வாயில் எஞ்சியிருப்பதைக் கையுறையோ பிளாஸ்டிக் பையோ அணிந்து அப்புறப்படுத்துக. வலிப்பு இருந்தால் வாயினுள் கை வைத்தல் ஆகாது.

கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, நாயின் எடை, உண்ட பொருள், உண்ட நேரம் ஆகியவற்றைக் கூறுக. மருந்தின் உறையோ எஞ்சிய உணவோ வாந்தியோ கிடைத்தால் மூடிய பையில் இட்டு உடன் எடுத்துச் செல்க. எந்த நஞ்சு என்று தெரிந்தால் பாதி மருத்துவம் முடிந்ததற்குச் சமம்.

தோலில் பூச்சிமருந்து பட்டிருந்தால் கையுறை அணிந்து சோப்பு நீரால் கழுவுக. வலிப்பு உள்ள நாயை இருண்ட, அமைதியான நிலையில் போர்வையில் கிடத்திக் கொண்டு செல்க. வண்டியின் சன்னல்களைத் திறந்து வைக்க.

செய்யத்தகாதன:

உப்புக் கரைசல், புளிக் கரைசல், சோப்பு நீர் ஆகியவற்றைப் புகட்டி வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. மிகுந்த உப்பே நாய்க்கு நஞ்சாகும். மயங்கிய நாய்க்குப் புகட்டும் நீர் நுரையீரலில் இறங்கிவிடும். வாந்தி எடுக்கச் செய்வதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பாலும் நெய்யும் எண்ணெயும் நஞ்சை முறிக்கும் என்பது பலர் நம்பிக்கை. மஞ்சள் பாஸ்பரஸ் கொழுப்பில் கரைவது. பாலும் நெய்யும் அது உடலில் ஏறுவதை விரைவுபடுத்தும். துத்தநாகப் பாஸ்பைடு உண்ட நாய்க்கு உணவளித்தால் இரைப்பையில் அமிலம் சுரந்து வாயு பெருகும். எனவே மருத்துவர் கூறாமல் எதையும் கொடுக்கலாகாது.

சென்னையில் உள்ளோர்க்கு வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நன்கு அறிமுகமானதே. 1903ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கல்லூரி அது. பிற ஊரினர் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனை எது, இரவில் பார்க்கும் மருத்துவர் யார் என்பதை இன்றே கேட்டறிந்து சுவரில் எழுதி வைத்தல் நலம். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்னும் கட்டணமில்லா எண்ணையும் அழைக்கலாம்.

சட்டம் கூறுவது

1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தின் வழியே அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 51-ஏ பிரிவு, உயிர்களிடம் கருணை காட்டுதலைக் குடிமக்களின் அடிப்படைக் கடமையாக்கியது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, தீங்கு தரும் பொருளை வேண்டுமென்றே தகுந்த காரணமின்றி விலங்குக்குக் கொடுப்பது மட்டுமன்று, அதை உண்ணச் செய்ய முயல்வதும் குற்றமே. 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, கேடு செய்யும் நோக்குடன் விலங்கைக் கொல்லுதல், நஞ்சிடுதல், ஊனப்படுத்தல் ஆகியவற்றிற்கு 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வகை செய்கிறது.

ஐயத்திற்குரிய உணவைக் கண்டால் வெறுங்கையால் தொடாமல் படம் எடுத்துக்கொண்டு, காவல் நிலையத்திற்கும் உள்ளாட்சி அலுவலகத்திற்கும் தெரிவித்து, தெருவில் உள்ளோரையும் எச்சரிக்க வேண்டும். நாய் இறந்துவிட்டால் துயரத்தில் உடனே புதைத்துவிடாமல், புகார் அளித்து அரசு கால்நடை மருத்துவமனையில் உடற்கூறு ஆய்வு செய்யக் கோரலாம். சான்று இல்லாமல் வழக்கு நிற்காது. எவர் மீதும் ஐயத்தின்பேரில் பழி சுமத்துதலும் நமக்குத் தகாது.

தெரு நாய்களுக்கு உணவளிப்போர்க்கும் ஒரு சொல். அதற்கென ஒதுக்கப்பட்ட இடங்களிலேயே உணவளிக்க வேண்டும் என 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அண்டை வீட்டு வாயிலில் சோற்றைக் கொட்டிவிட்டு வருவது ஜீவகாருண்யம் ஆகாது. அதனால் எழும் வெறுப்பின் விளைவை நாய்களே அனுபவிக்கும்.

ஐந்து அதிசாரங்களும் நாய் வளர்ப்பும்

கொல்லாமை அணுவிரதத்திற்கு உரிய அதிசாரங்கள் ஐந்து என இரத்தினகரண்டக சிராவகாசாரமும் அருங்கலச்செப்பும் கூறுகின்றன. உறுப்பை அறுத்தல், கட்டி வைத்தல், துன்புறுத்தல், மிகு பாரம் ஏற்றல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. விலங்குகளை வளர்ப்போர்க்கு இவை அன்றாடம் பார்க்கத்தக்க கண்ணாடியாகும்.

அழகுக்கென வாலையும் காதையும் நறுக்குதல் உறுப்பறுத்தலில் அடங்கும். பழக்குகிறோம் என்று அடித்தல் துன்புறுத்தலாகும். வெயிலில் நாக்குத் தள்ள ஓடச் செய்தல், பாரம் ஏற்றுவதை ஒக்கும்.

அப்படியாயின், கயிறு பூட்டுதலும் வாய்க்கூடு அணிவித்தலும் 'கட்டி வைத்தல்', 'உணவைத் தடுத்தல்' ஆகாவோ என்று சிலர் வினவலாம். நல்ல வினாவே. செயலின் வடிவத்தை மட்டுமன்றி, எதன் பொருட்டு, எந்த அளவில் என்பதையும் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் சாலையில் கயிறு பிடித்துச் செல்வது அவ்வுயிரின் நலம் கருதியது. வீடு சேர்ந்ததும் அவிழ்க்கப்படுவது. பகலெல்லாம் நான்கடிச் சங்கிலியில் கட்டி வைப்பது நம் வசதி கருதியது, அது அதிசாரமே. நஞ்சை உண்ணாமல் தடுக்கும் வாய்க்கூடு காப்பு. நீர் அருந்தவும் மூச்சு வாங்கவும் இயலாதபடி இறுக்கிய வாய்க்கட்டு ஹிம்சை. இவ்வேறுபாட்டை ஒவ்வொரு நாளும் தம் உள்ளத்தைக் கேட்டுத் தெளிவதே விரதியின் கடமை.

நம் இல்லத்து நஞ்சு

தெருவில் நஞ்சு வைத்தவரைக் கண்டிக்குமுன் நம் வீட்டு அலமாரியையும் திறந்து பார்க்க வேண்டும். வேண்டா வினைகளாகிய அனர்த்த தண்டங்களுள் ஒன்று 'ஹிம்சாதானம்'. அதாவது நஞ்சு, படை முதலிய கொலைக் கருவிகளைப் பிறருக்குக் கொடுத்தல். வேளாண் தொழிலை மேற்கொண்ட நம் குடும்பங்களில் பூச்சிமருந்து வீட்டிற்குள் வருவதை முற்றும் தவிர்ப்பது பலர்க்கு அரிதாயிருக்கலாம். ஆயினும் மருந்தைப் பூட்டி வைத்தலும், எஞ்சியதை அண்டையாருக்கு எலிக்கென எடுத்துக் கொடாதிருத்தலும், வெற்றுப் பைகளை வயலில் எறியாதிருத்தலும் எவர்க்கும் இயலும்.

எலித் தொல்லைக்கு நஞ்சே வழி என்பதும் இல்லை. தானியத்தை மூடியுள்ள கலன்களில் வைத்தல், இரவில் எச்சில் பாத்திரங்களைப் போட்டு வைக்காமை, சுவரோட்டைகளைக் கம்பி வலையும் சிமெண்டும் கொண்டு அடைத்தல், கூண்டுப்பொறியில் பிடித்து அப்பால் விடுதல் ஆகியவை வீட்டிற்குப் போதும். வயலில் வரப்பைச் சிறிதாக அமைத்தால் எலி வளை தோண்ட இடமின்றிப் போகும். உணவும் உறைவிடமும் இல்லாத இடத்தில் எலி தங்குவதில்லை.

ஒரே வீட்டில், தம் நாய்க்கு ஒன்று நேர்ந்துவிடுமோ என்று அஞ்சுவோரும் அவர்களே, பரணில் எலிக்கு நஞ்சு வைப்போரும் அவர்களே என்றால், அந்த அன்பு ஒரு நாயளவில் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். நாயின் மீது கொண்ட பற்று, பிற உயிர்களின் மீதும் பரிவாக விரிவதே அறம். அந்த விரிவைச் சிறுவர் பெற்றோரிடமிருந்தே கற்றுக்கொள்வர்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. நஞ்சுண்ட நாய்க்குப் பாலும் நெய்யும் கொடுத்தல் ஏன் தகாது?
2. உண்ட அன்று நலமாகத் தோன்றி, சில நாள் கழித்து நோய் காட்டும் நஞ்சுகள் யாவை?
3. தெரு நாய்களை நஞ்சிட்டுக் கொல்வதால் வெறிநோய் ஏன் குறைவதில்லை?
4. கயிறு பூட்டுதல் எப்போது காப்பு, எப்போது அதிசாரம்?
5. உங்கள் இல்லத்தில் உள்ள நஞ்சுப் பொருள்கள் எவை? அவற்றுள் எவற்றை விலக்க இயலும்? குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து பட்டியல் எழுதுக.